ரூ. 15,490 வருகிறது என்றொரு குறுஞ்செய்தி

நாடெங்கும் இணையவழித் தாக்கலாகும் வருமான வரிக் கணக்குகளைச் செயலாக்கும் மையம் பெங்களூருவில்தான் உள்ளது. விவேக் நகரில் வாழும் நம் வாடிக்கையாளருக்கு அது உள்ளூர் அலுவலகமே. அதனால்தானோ என்னவோ, "வரி அலுவலகத்திலிருந்து பேசுகிறோம்" என்னும் குரலை இங்கு எளிதில் நம்பிவிடுகிறோம்.

2023ஆம் ஆண்டில் ஒரு குறுஞ்செய்தி பரவியது. ரூ. 15,490 திருப்பித்தர ஒப்புதல் கிடைத்துள்ளதாகவும், குறிப்பிட்ட கணக்கு எண் தவறாயின் இணைப்பைத் தொட்டுத் திருத்துமாறும் அது கூறியது. பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு அதைப் போலி என அறிவித்தது. இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கணக்கு எண்ணே. அது நம்முடையதாக இராது; இருக்கவும் கூடாது. நம் பணம் வேறொருவருக்குப் போய்விடுமோ என்று பதறினால்தானே இணைப்பைத் தொடுவோம்!

உண்மையான தொகையோ, வரித்துறையின் தளத்தில் நாம் முன்னரே சரிபார்த்துவைத்த கணக்கில் நேரே வரவாகும். பணம் பெற ஓடிபியோ ரகசிய எண்ணோ வேண்டியதில்லை. நோட்டீஸ் என்று எது வந்தாலும், 2019 அக்டோபர் 1 முதல் நடைமுறையிலுள்ள ஆவண அடையாள எண்ணைக் கொண்டு, உள்நுழையாமலேயே அத்தளத்தில் சரிபார்க்கலாம்.

மற்றொரு வகை மோசடி நேரில் வருகிறது. "கமிஷன் கொடுங்கள், பெருந்தொகை திரும்ப வாங்கித் தருகிறேன்" என்பார் இடைத்தரகர். பொய்யான கழிவுகளைக் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்தோரைக் குறிவைத்து, 2025 ஜூலை 14 அன்று வரித்துறை நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தம் கணக்கைத் திருத்தி, ரூ. 1,045 கோடி அளவிலான பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றிருந்தனர். தரகர்கள் தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளைப் பதிவுசெய்து, பின்னர் அவற்றைக் கைவிட்டுவிடுவதும் தெரியவந்தது. துறையின் நோட்டீஸ் அங்கே படிப்பாரற்றுக் கிடக்கும். அபராதமும் வட்டியும் கணக்குக்குரியவர் தலையில் விழும்.

பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்னும் எண்ணில் முறையிட்டு, நம் கிளைக்கும் தெரிவியுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் வேறு கணக்குகளுக்கு நகர்கிறது. எதுவும் பறிபோகாதவர்கள், வரித்துறைத் தளத்தில் தம் பெயரில் பதிவாகியுள்ள மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் தம்முடையவைதாமா என்று இன்றே பார்த்துவிடலாம்.