தாயப் பெருக்கமும் கணினி எழுத்தும்

நம் கணித வகுப்புக்களிலே தாயம் எனப்படுவது தமிழகப் பாடநூல்களிலே அணி எனப்படும். பெயர் இரண்டாயினும் பொருள் ஒன்றே. ஆதலின் கல்முனை மாணவன் தமிழக நூலைப் பயில்வதில் இடர்ப்படான். (தாயக்கட்டையை நினைந்து நகைப்பார் நகைக்க.) ஒரு குறி இரு பொருள் தருமிடத்திலேதான் இடர் விளைகின்றது. கணினியிலே தாயங்களைக் கையாளத் தொடங்கும் மாணவர்க்கு இவ்விடரை முன்கூட்டியே எடுத்துரைத்தல் நலமென எண்ணுகின்றோம்.

1858 இல் ஆதர் கேலி என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர், தாயம் முழுவதையும் ஓரெழுத்தாற் குறித்துக் கணிக்கும் முறையை வகுத்தார். கச என்பதும் சக என்பதும் பொதுவாக வெவ்வேறு என்பதும் அவர் காட்டியதே. கரும்பலகையில் எழுதும்போது நாம் அவர் வழியையே பின்பற்றுகின்றோம். கணினியிலோ?

பைதன் மொழியிலே குறியீட்டுக் கணிதத்துக்குச் சிம்பை, எண் கணிப்புக்கு நம்பை என இரு துணைத்தொகுதிகள் உள. சிம்பையிலே க * ச என எழுதினால் தாயப் பெருக்கம் நிகழும். அவ்வரியையே நம்பைக்கு எடுத்துச் சென்றால், ஒத்த இடத்து மூலகங்களே தம்முட் பெருகும். க இன் நிரைகள் 1, 2 உம் 3, 4 உம் ஆகுக. ச இன் நிரைகள் 0, 1 உம் 1, 0 உம் ஆகுக. தாயப் பெருக்கத்தால் வருவன 2, 1 உம் 4, 3 உம். மற்றையதால் வருவன 0, 2 உம் 3, 0 உம். கணினி பிழையென ஒரு சொல்லும் உரையாது. தவறிய விடை சரியான விடைபோலவே வந்து நிற்கும்.

முன்னாளில் இதனைத் தவிர்க்க டொட்(டொட்(க, ச), த) என்றவாறு எழுதினர். அடைப்புக்குள் அடைப்பாக வளரும் இவ்வெழுத்திலே சூத்திரத்தைத் தேடியே காணல் வேண்டும். 2014 இல் நதானியேல் சிமித் என்பார் தாயப் பெருக்கத்துக்கென @ என்னும் தனிக்குறியை முன்மொழிந்தார். 2015 இல் வெளிவந்த பைதன் 3.5 அதனை ஏற்றது. இப்பொழுது க @ ச @ த என்பது கரும்பலகையிற் போலவே இடமிருந்து வலமாகச் செல்லும். இரு தொகுதிகளிலும் ஒரே பொருள் தரும். அடுக்குக் குறியில் மட்டும் பழைய பொறி இன்னும் உளது: க ** 2 என்றால் நம்பை ஒவ்வொரு மூலகத்தையுமே வர்க்கிக்கும். அங்கே க @ க என எழுதுவதே தகும்.

குறி தெளிந்தாற் போதுமோவெனின், போதாது. மூலகங்களெல்லாம் எழுத்துக்களாயின், 3×3 தாயத்தின் துணிகோவை 6 உறுப்புக்களாய் விரியும். 4×4 ஆயின் 24. நேர்மாறின் ஒவ்வோரிடத்தும் அத்துணிகோவையே பகுதியாய் நிற்றலின், தாள் முழுதும் எழுத்துக்காடாகும். எனவே சிம்பையிலே தாயத்துக்கு மூலகம் விரியாத பெயரை மட்டும் இட்டு வைத்து, எண்களை இறுதியிற் பெய்வதே சிறந்த முறை. சதுரத் தாயங்கள் இரண்டின் பெருக்கமான கச இன் நேர்மாறைக் கேட்டால், சட்டை கழற்றுமுன் பனியனைக் கழற்றவியலாமை போல, ச இன் நேர்மாறை முன்னும் க இன் நேர்மாறைப் பின்னும் வைத்து ஒரே வரியில் விடை தரும். பெயரிடும்போதே நிரை, நிரல்களின் தொகையையும் சொல்லிவிடல் வேண்டும். பின்னர் 2×3 தாயத்தை மற்றொரு 2×3 தாயத்தாற் பெருக்க முயன்றால், எண் ஒன்றும் இடுமுன்னரே கணினி மறுத்துவிடும்.