இரண்டு பென்னிக் கயிறு

மந்திரக் கதை என்றால் பூதமும் தேவதையும் வந்துதான் ஆகவேண்டுமா என்ன? மண்ணும் விதையும் ஒரு சின்னப் பறவையும் போதும் என்கிறது 'தி சீக்ரெட் கார்டன்'. ஃபிரான்சஸ் ஹாட்ஸன் பர்னெட் என்ற அம்மாள் எழுதி, 1911-ல் புத்தகமாக வந்த நாவல். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட நான், மத்தியான வேளைகளில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்து முடித்தேன்.

கதை நம் இந்தியாவில்தான் ஆரம்பிக்கிறது. மேரி என்ற வெள்ளைக்காரச் சிறுமி ஆயா கையில் வளர்ந்தவள். உடுப்பைக்கூடத் தானே போட்டுக்கொள்ளத் தெரியாது. எப்போதும் சிடுசிடுப்பு. பெற்றோர் காலராவில் போய்விட, இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் கிராமப்புறத்தில் இருக்கும் மாமாவின் மாளிகைக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அந்த வீட்டு வேலைக்காரப் பெண் மார்த்தா. அவளுடைய அம்மாவுக்கு 12 குழந்தைகள். வீட்டுக்காரர் சம்பளமோ வாரம் 16 ஷில்லிங். அந்தத் தாய், மகள் கொண்டுவந்த கூலியிலிருந்து இரண்டு பென்னி எடுத்து, முகம் பார்த்தறியாத மேரிக்கு ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கி அனுப்புகிறாள்! மேரி குதிக்கிறாள், ஓடுகிறாள், பசிக்கிறது. பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்த தோட்டத்தைக் கண்டுபிடித்துக் களை பிடுங்குகிறாள். செடி துளிர்க்கத் துளிர்க்க, தனக்குள்ளும் ஒரு நல்ல பெண் இருப்பது அவளுக்கே தெரியவருகிறது.

அதே மாளிகையில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான் மாமா மகன் காலின். "கூன் விழும், பிழைக்கமாட்டான்" என்று சுற்றியிருப்பவர்கள் குசுகுசுப்பதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன். முதுகில் ஒன்றுமில்லை, பயம்தான் வியாதி!

இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் இளைய மகனுக்குச் சிறு வயதில் இழுப்பு உண்டு. வருகிறவர்கள் எல்லாம் அவன் எதிரிலேயே, "நோஞ்சானா இருக்கானே, தேறுவானா?" என்பார்கள். ஒரு ராத்திரி அவன் என்னிடம், "அம்மா, நான் பெரியவனா ஆவேனா?" என்று கேட்டான். மறுநாள் முதல், குழந்தை எதிரில் உடம்பைப் பற்றிப் பேசக்கூடாது என்று எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மாமியாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் கேட்டுக்கொண்டார்.

ஒன்று மறக்கக்கூடாது, சகோதரிகளே. தோட்டக் காற்று மருந்துக்கு மாற்று இல்லை. பர்னெட் அம்மாளே தன் மூத்த மகன் லயனலை 1890-ல் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். இன்று காசநோய்க்கும் இழுப்புக்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது. டாக்டர் சொன்ன மருந்தை ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

அதோடு, பிள்ளையின் கையில் ஒரு தொட்டி மண்ணும் நாலு வெந்தயமும் கொடுங்கள். இரண்டு மூன்று நாளில் முளை எட்டிப் பார்க்கும். "நீ போட்ட விதைடா கண்ணா!" என்று சொல்லுங்கள். குழந்தையின் காதில் விழவேண்டியது அந்த மாதிரிப் பேச்சுதான்.