ஆடையமைப்பாளர் நாடகப் பிரதியைப் பயிலும் முறை

நாடகப் பிரதியை நடிகர் தம் கூற்றுக்காகப் பயில்வர். ஆடையமைப்பாளரோ பாத்திரங்கள் அனைத்தின் நிலையையும் அறியப் பயில்வர். முதன்முறை கதைப்போக்கை உணர்தற்பொருட்டு இடையீடின்றி வாசிப்பர். அடுத்த வாசிப்பிற் காலம், இடம், பாத்திரங்களின் வயது, தகுதி என்பவற்றைக் குறிப்பர். பின்னர், எக்காட்சியில் எவர் தோன்றுவர், உடை மாற்ற எவ்வளவு அவகாசம் உண்டு என்பவற்றை அட்டவணைப்படுத்துவர்.

ஷேக்ஸ்பியரின் 'ஹம்லெற்' நாடகத்தில் ஆடை பற்றிய மேடைக்குறிப்புகள் மிகச் சில. செய்திகள் பெரும்பாலும் உரையாடலிலேயே பொதிந்துள்ளன. முதலங்கத்து இரண்டாங் காட்சியில், கருநிறக் கோலத்தைக் களையுமாறு இளவரசனைத் தாய் வேண்டுகின்றாள். அரசவை துக்கத்தைக் கைவிட்டதென்பதும், அவன் ஒருவனே தந்தைக்காகத் துக்கங் காக்கின்றான் என்பதும் இவ்வொரு வேண்டுகோளாற் புலனாகும். அரசவையினர் அனைவருக்கும் கருநிற உடை அணிவித்தால் அம்முரண் அழிந்துபோம். இரண்டாம் அங்கத்தில் ஒபீலியா அவனது குலைந்த உடையை விவரிக்கின்றாள். அக்கோலத்தைப் பார்வையாளர் காண்பதில்லை. ஆயினும், அடுத்து அவன் தோன்றுங்கால் அதன் சாயல் உடையில் இருத்தல் வேண்டுமா என்பதை ஆடையமைப்பாளர் நெறியாளருடன் ஆராய்ந்து துணிவர்.

பதிப்பு வேறுபாடும் கருதத்தக்கது. முதலங்கத்திற் கவசம் பூண்டு வந்த தந்தையின் ஆவி, அரசியின் அறையில் இரவுடையுடன் தோன்றுவதாக 1603ஆம் ஆண்டுப் பதிப்புக் கூறும். 1623ஆம் ஆண்டுப் பதிப்பில் அக்குறிப்பு இல்லை. கவசம் அரசனைக் காட்டும். இரவுடை கணவனைக் காட்டும். எதனைத் தெரிவது என்பது பொருள்கோளின்பாற்பட்டது.

ஆதலின், கல்லூரி மேடையில் நாடகம் நிகழ்த்த முற்படுவோர், உடைப் பெட்டியைத் திறக்குமுன் பிரதியை நன்கு பயிலுதல் கடனாகும்.