மெய்யின் நிலப்படம்: தொடுவுணர்வும் மூளைப் புறணியும்

முன்னுரை

ஐம்பொறிகளுள் கண், செவி, மூக்கு, வாய் ஆகிய நான்கிற்கும் முகத்திலே தனியிடம் உண்டு. ஐந்தாவதாகிய மெய்க்கு அவ்வாறு தனியிடம் இல்லை. உடல் முழுவதுமே அதன் இடம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுக்குமிடத்து, புல்லும் மரமும் பெற்ற முதலாவது அறிவாக உற்றறிதலையே கூறுகிறது. அவ்வகைப்பாட்டை இக்கால நரம்பியலோடு பொருத்தி, ‘நம் முன்னோர் அன்றே கண்டனர்’ என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்தகைய கட்டுரைகள் நம்மிடையே போதிய அளவு உள்ளன. ஈண்டு ஆராயப்படுவது வேறு. உடல் முழுதும் பரந்து கிடக்கும் இப்பொறி, மூளையில் எங்கே, எந்த ஒழுங்கில் இடம் பெறுகிறது? அவ்விடம் நிலையானதா, மாறக்கூடியதா? இரண்டாவது வினாவுக்கு முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பாடநூல்கள் தந்துவந்த விடை 2025ஆம் ஆண்டில் கடுமையான மறுப்புக்கு உள்ளானது. கையோ காலோ இழந்தோர் படும் வலிக்கு எத்தகைய மருத்துவம் செய்வது என்பது அவ்விடையைச் சார்ந்தது. ஆதலின் இது ஏட்டளவில் நின்றுவிடும் விவாதமன்று.

தோலிலிருந்து புறணி வரை

தோலின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் உணர்வதில்லை என்பதை முதலில் அளந்து காட்டியவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர். 1834இல் வெளியான தம் நூலில் அவர் கையாண்ட கருவி சாதாரணக் கவராயமே. அதன் இரு முனைகளையும் தோலில் ஒருசேர வைத்து, அவை ஒன்றாக உணரப்படுகின்றனவா, இரண்டாக உணரப்படுகின்றனவா என்று அவர் வினவினார். விரல் நுனியில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இடைவெளியே இரண்டாக உணரப் போதுமானது. முதுகிலோ 40 மில்லிமீட்டர் அளவுக்கு விலக்கினால்தான் இரண்டு என்று தெரிகிறது. ஐயமுடையோர் கண்ணை மூடிக்கொண்டு, பிறர் ஒருவரின் உதவியோடு வீட்டிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

இவ்வேறுபாட்டின் காரணம் நரம்பு முனைகளின் செறிவாகும். மனிதனின் ஒரு கையின் உட்புறத்தில் தொடுவுணர்வுக்குரிய நரம்பிழைகள் ஏறத்தாழ 17,000 உள்ளன என்று சுவீடன் நாட்டு ஆய்வாளர்களாகிய யொஹான்சன், வால்போ இருவரும் 1979இல் கணக்கிட்டனர். அவை விரல் நுனிகளிலேயே மிகுதியாக நெருங்கியிருக்கின்றன. இவ்விழைகள் கொணரும் செய்தி தண்டுவடத்தின் வழியே மேலேறி, மூளையின் அடிப்பகுதியாகிய முகுளத்தில் மறுபக்கத்துக்குக் கடந்து, தலாமஸ் எனும் பகுதியைத் தாண்டிப் பெருமூளைப் புறணியை அடைகிறது. இதனாலேயே இடக்கையின் தொடுவுணர்வை மூளையின் வலப்பாதி பெறுகிறது.

மாண்ட்ரியலில் வரையப்பட்ட உருவம்

புறணியில் அச்செய்தி சேருமிடத்தை மனிதரிடம் விரிவாக வரைந்து காட்டிய பெருமை கனடாவின் மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த வைல்டர் பென்ஃபீல்டைச் சாரும். அவருக்கு முன்பே, 1909இல், அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், விழித்திருந்த நோயாளரின் புறணியை மின்தூண்டலுக்கு உட்படுத்தித் தொடுவுணர்வை எழுப்பியிருந்தார். எனினும் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளரிடம் முறையாகச் சோதித்து முழுப் படத்தையும் திரட்டியவர் பென்ஃபீல்டே.

அவருடைய நோக்கம் படம் வரைவதாக இருக்கவில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயாளரின் மூளையில் நோய் தொடங்கும் திசுவை அகற்ற வேண்டியிருந்தது. அகற்றும்போது பேச்சு, அசைவு, உணர்வு ஆகியவற்றுக்குரிய பகுதிகளைக் காக்கவும் வேண்டியிருந்தது. மூளைக்குத் தன்னளவில் வலியுணர்வு இல்லை. எனவே தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளரை விழித்த நிலையிலேயே வைத்து, புறணியை மெல்லிய மின்முனையால் ஓரிடம் ஓரிடமாகத் தூண்டினார். நோயாளர், ‘கட்டைவிரலில் சுருக்கென்கிறது’, ‘நாக்கு மரத்தாற்போல் இருக்கிறது’ என்ற வகையில் கூறக்கூற, அவ்விடங்களில் எண்ணிட்ட சிறு தாள்கள் வைக்கப்பட்டன. கத்தியை எங்கே நிறுத்துவது என்று அறுவை மருத்துவருக்கு அறிவித்தவை அத்தாள்களே. எட்வின் போல்ட்ரி என்பாருடன் இணைந்து 1937இல் அவர் வெளியிட்ட கட்டுரை இவ்விளைவுகளைத் தொகுத்தது. 1950இல் ரஸ்முசனுடன் எழுதிய நூல் அவற்றை உலகறியச் செய்தது.

இவ்விளைவுகளில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. புறணியின் மையப் பள்ளத்திற்குப் பின்னுள்ள மடிப்பில் உடல் தலைகீழாகக் கிடக்கிறது. கால் விரல்களும் பாதமும் மூளையின் இரு பாதிகளும் எதிரெதிரே நிற்கும் உட்சுவரில் அமைகின்றன. மேற்பகுதியில் கால், நடுவுடல், தோள், கை. பின்னர்ச் சுண்டுவிரல் முதல் கட்டைவிரல் வரை. அதற்குக் கீழே முகம், உதடு, நாக்கு. உடலில் தொலைவிலுள்ள கட்டைவிரலும் முகமும் இப்படத்தில் அண்டை வீட்டாராயின. அளவும் விந்தையானது. முதுகு முழுவதற்கும் கிடைத்த இடம் சிறிது. உதட்டுக்கும் விரல்களுக்கும் கிடைத்தது பெரிது. ஹார்டென்ஸ் கான்ட்லி என்னும் ஓவியர் இவ்விகிதப்படி வரைந்த, பெருங்கையும் தடித்த உதடும் கொண்ட சிற்றுருவம் இன்றும் மருத்துவ மாணவரின் நூல்களில் இடம்பெறுகிறது. அது நினைவுக்கு உதவும் படமே அன்றித் துல்லிய அளவீடு அன்று. நோயாளருள் பெண்களும் இருந்தனர். ஆயினும் வரையப்பட்டது ஆணுருவமே. பெண்ணுடலின் தனிப்பகுதிகள் புறணியில் எங்கே அமைகின்றன என்பதில் ஆய்வுலகம் நெடுங்காலம் அக்கறை கொள்ளாதிருந்தது வியப்பன்று, வருத்தத்திற்குரியது.

நிலப்படம் மாறுமா?

வளர்ந்தோரின் மூளையில் இப்படம் கல்லில் செதுக்கியது போன்றதென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1984இல் மைக்கேல் மெர்சனிக் குழுவினர், விரல் நீக்கப்பட்ட குரங்குகளின் புறணியில், அவ்விரலுக்குரிய இடம் சில மாதங்களில் அண்டை விரல்களின் தொடுகைக்கு விடையளிப்பதைக் கண்டனர். 1991இல் டிம் பான்ஸ் குழுவினர் இன்னும் பெரிய மாற்றத்தை அறிவித்தனர். கையின் உணர்வு நரம்புகள் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் துண்டிக்கப்பட்ட குரங்குகளில், கைக்குரிய பகுதி முழுவதும் முகத்தைத் தொட்டால் இயங்கியது.

இதனை மனிதரோடு இணைத்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பணியாற்றிய வி.எஸ். இராமச்சந்திரன். கையிழந்த சிலர், கன்னத்தைத் தொட்டபோது இல்லாத கையிலும் தொடுவுணர்வு தோன்றுவதாகக் கூறினர். முகத்தின் பகுதி, வெறுமையான கைப்பகுதிக்குள் குடியேறிவிட்டது என்பது அவர் தந்த விளக்கம். பஞ்சும் கண்ணாடியும் கொண்டு நிகழ்த்திய எளிய சோதனைகளாலும் தெளிந்த நடையாலும் அவ்விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டது. இல்லாத உறுப்பில் தோன்றும் வலி இக்குடியேற்றத்தின் விளைவே என்ற கருத்தும் உடன் வளர்ந்தது.

இதனை நேரடியாகச் சோதிப்பதற்கு ஒரே ஆளின் மூளையைக் கை இருந்தபோதும் இழந்தபின்னும் காணவேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டமார் மேக்கினும் அமெரிக்க ஆய்வாளரும் 2025இல் வெளியிட்ட ஆய்வு அதனைச் செய்தது. மருத்துவக் காரணங்களால் கை அகற்றப்படவிருந்த மூவரை, அறுவைக்கு முன்னும் பின்னும், ஐந்தாண்டுகள் வரை, எம்.ஆர்.ஐ. வருடியில் ஆராய்ந்தனர். விரல்களை அசைக்குமாறும் உதடுகளைக் குவிக்குமாறும் அவர்களிடம் கூறப்பட்டது. கை போனபின், இல்லாத விரலை அசைக்க முயன்றபோது எழுந்த வடிவம் முன்னிருந்ததை வெகுவாக ஒத்திருந்தது. உதட்டின் பகுதி கைப்பகுதிக்குள் நுழையவில்லை.

மூவர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் அறுவைக்கு முந்தைய நிலை அதே ஆளிடமே பதிவாகியுள்ளமையால் இதன் சான்றுவலிமை பெரிது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. அவ்வாறாயின் முந்தைய சோதனைகள் பொய்யா? அவற்றில் கண்டது பொய்யன்று. கண்டதற்குக் கூறிய பொருளே ஐயத்திற்குரியது. புறணியின் ஓரிடம் ஓர் உறுப்புக்கு மட்டும் செவிசாய்ப்பதில்லை; பல உறுப்புகளின் செய்தி அங்கே மெலிதாகச் சேர்கிறது. முந்தைய ஆய்வுகள் பெரும்பாலும், மிக வலுவாக ஒலித்த உறுப்புக்கே அவ்விடம் சொந்தம் என்று குறித்தன. கூட்டத்தில் உரத்த குரலுடையவர் எழுந்து சென்றபின் மற்றவர் குரல் கேட்கத்தான் செய்யும். அதனால் அவருடைய நாற்காலியில் வேறொருவர் அமர்ந்துவிட்டார் என்று பொருளாகாது. பயிற்சியால் படம் சிறிதும் மாறாது என்றும் இதற்குப் பொருளில்லை. நரம்பிசைக் கலைஞரின் இடக்கை விரல்களுக்குரிய புறணி விடை பிறரினும் பெரிதாக இருப்பதை எல்பர்ட் குழுவினர் 1995இல் காட்டினர். அது இருக்கும் விரலைப் பற்றியது. இழந்த விரலைப் பற்றியதன்று.

வலியும் மருத்துவமும்

மலேசியாவில் இந்தியரிடையே நீரிழிவு நோயின் விகிதம் உயர்ந்திருப்பதைத் தேசிய நல ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. நீரிழிவால் பாதத்தையோ காலையோ இழந்த ஒருவரை அறியாத குடும்பம் நம்மிடையே அரிது. இல்லாத பாதம் எரிகிறது என்று அவர் சொன்னால், மனப்பிரமை என்று சுற்றத்தார் ஒதுக்கிவிடுவதுண்டு. மேற்கண்ட ஆய்வு கையைப் பற்றியது. காலுக்கும் அது அப்படியே பொருந்துமென்று இப்போதே கூறுவதற்கில்லை. ஆனால் அவ்வுணர்வு பிரமையன்று, மூளையில் அவ்வுறுப்புக்குரிய இடம் இருக்கிறது என்பதைப் பழைய விளக்கமும் புதிய விளக்கமும் மறுப்பதில்லை.

மருத்துவத்தில் அவை பிரிகின்றன. படம் சிதைந்ததே வலிக்குக் காரணமெனின், அதனைச் சீரமைக்க வேண்டும். இல்லாத கையைக் கண்ணாடியில் இருப்பதுபோல் காட்டும் இராமச்சந்திரனின் முறை அவ்வாறே விளக்கப்பட்டது. அதன் பயன் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. படம் சிதையவில்லையெனின், நோக்கவேண்டிய இடம் வெட்டுண்ட நரம்பின் முனையாகும். இலக்கிழந்த அம்முனை கணுப்போலத் திரண்டு, ஒழுங்கற்ற செய்திகளை மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. எனவே உறுப்பை அகற்றும்போதே, வெட்டப்படும் நரம்புக்குப் புதிய தசையையோ தோலையோ இலக்காகப் பொருத்தும் அறுவைமுறைகள் இப்போது சில மருத்துவமனைகளில் கையாளப்படுகின்றன. மேக்கின் ஆராய்ந்த மூவருள் ஒருவருக்கு அத்தகைய அறுவை செய்யப்பட்டது. கை அகற்றப்படுவதற்கு முன் கடும் வலியுற்றிருந்த அவருக்கு, இப்போது வலி இல்லை என்று ஆய்வாளர்கள் தெரிவித்துள்ளனர்.