புத்தகத்தை மூடிப் படிக்கப் பழக்குவோம்

பரீட்சை நெருங்கும் காலத்தில் பெற்றோரிடமிருந்து நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான்: "பிள்ளை இரவு பகலாப் படிக்கிறான் சேர். ஆனா எழுதப் போனா எல்லாம் மறந்து போகுது." ஞாபக சக்தி குறைவு என்று முடிவு செய்து, இன்னொரு டியூஷன் வகுப்பில் சேர்த்து விடுகிறார்கள். சாதாரண தர மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிப்பவன் என்ற வகையில் சொல்கிறேன், அநேகமான பிள்ளைகளின் குறை படிக்கும் முறையிலேயே இருக்கிறது.

படிப்பது என்றால் பாடநூலைத் திரும்பத் திரும்ப வாசிப்பது என்றே பலர் நினைக்கின்றனர். மூன்றாம் தடவை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலிருக்கும். உண்மையில் கண்ணுக்குப் பக்கம் பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகர், கார்பிக்கி ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு குழுவினர் ஒரு பகுதியை நான்கு தவணைகளிலும் வாசித்தனர். மற்றொரு குழுவினர் ஒரு தவணை மட்டும் வாசித்து, மிகுதி மூன்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னிலையில் இருந்தனர். ஒரு வாரத்தின் பின்னரோ வாசித்தவர்களுக்கு ஏறக்குறைய 40 சதவீதமும் எழுதியவர்களுக்கு 61 சதவீதமும் நினைவிலிருந்தது. பிள்ளை முதல்நாள் இரவு "எல்லாம் பாடம்" என்று சொல்வதும் பின்னர் மறந்து நிற்பதும் இதனால்தான்.

இது நமக்குப் புதிய விடயமல்ல. ஹிப்ழு மத்ரஸாவில் எத்தனை தடவை பார்த்து ஓதினாய் என்பதோடு உஸ்தாத் விட்டுவிடுவதில்லை. முஸ்ஹபை மூடிவிட்டு ஓதிக் காட்டச் சொல்கிறார். புதிய பாடத்தோடு பழைய ஜுஸ்உகளும் மீட்டப்படுகின்றன. பாடசாலைப் புத்தகத்துக்கு மட்டும் ஏன் இந்த ஒழுங்கைக் கைவிடுகிறோம்?

ஒளித்தொகுப்புப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் தலைப்புகளையும் படங்களையும் பார்த்து அவற்றைக் கேள்விகளாக மாற்ற வேண்டும். ஒளித்தொகுப்புக்கு எவை தேவை? இலையில் மாப்பொருள் உண்டா என்று சோதிக்கும்போது அதை ஏன் அற்ககோலில் அவிக்கிறோம்? பிறகு விடை தேடி ஒரு பகுதியை மட்டும் வாசிக்க வேண்டும். புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் விளங்கியதைச் சொந்த வசனத்தில் எழுத வேண்டும். இறுதியாகப் புத்தகத்தைத் திறந்து, விடுபட்டதைச் சிவப்புப் பேனையால் சேர்க்க வேண்டும். பச்சையத்தை அகற்றவே அற்ககோல் என்பது விடுபட்டிருந்தால், அடுத்த முறை முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அடுத்த நாளும், மூன்று நாட்களின் பின்னும், ஒரு வாரத்தின் பின்னும் அதே கேள்விகளுக்குப் பார்க்காமல் விடை எழுதட்டும். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் போதும். கடந்தகால வினாத்தாள்களையும் கடைசி மாதம் வரை ஒதுக்கி வைக்காமல், ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அதற்குரிய வினாக்களைச் செய்யலாம்.

ஆரம்பத்தில் இது கஷ்டமாக இருக்கும். தாள் பாதி வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்துப் பிள்ளை சோர்ந்து போகலாம். அந்தக் கஷ்டப்பட்டு நினைவுகூர்தல்தான் பாடத்தைப் பதிய வைக்கிறது என்று அப்போது எடுத்துச் சொல்லுங்கள்.

பெற்றோர் விஞ்ஞானம் படித்திருக்கத் தேவையில்லை. இன்றிரவு பிள்ளையின் புத்தகத்தை உங்கள் கையில் வாங்கி, ஒரு தலைப்பை வாசித்து, "இதப்பத்திச் சொல்லு மகன்" என்று கேளுங்கள். பிள்ளை சொல்வது சரியா என்று பார்க்கப் புத்தகம் உங்களிடமே இருக்கிறது.