காணாமல் போன மீத்தேனும் ஒரு வர்க்கமூலமும்

ஃபிக் விதியைப் பரீட்சையில எழுதிட்டு மறந்திருப்போம்: செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் பொருள் பரவும். ஆனா நிலக்கரியில எவ்வளவு மீத்தேன் இருக்குன்னு கணக்குப் போட, 1855-ல வந்த அந்த விதிதான் இன்னிக்கும் அடிப்படை.

நிலக்கரியில மீத்தேன் பெரும்பாலும் நுண்துளைகளின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். இதுதான் பரப்பு கவர்தல். அழுத்தம் குறைஞ்சா விடுபட்டு, மெதுவா விரவி வெளியே வரும். காற்றுல 5 முதல் 15 சதவீதம் வரை கலந்துட்டா, ஒரு தீப்பொறி போதும்.

அளக்கறது எப்படி? துளையிட்டுக் கரி மாதிரியை மேலே எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடி, வெளிவரும் வாயுவை அளப்பாங்க. ஆனா டப்பாவுக்குள்ள போறதுக்கு முன்னாடியே கொஞ்சம் வாயு போயிடுமே?

இங்கதான் மாதிரியாக்கம் உதவுது. கரித்துகளை ஒரு கோளமா எடுத்துக்கிட்டு ஃபிக் சமன்பாட்டைத் தீர்த்தா, தொடக்கக் கட்டத்தில் வெளியேறிய வாயு நேரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு பாருங்க. வாயு கசியத் தொடங்கி 16-வது நிமிடம் டப்பாவை மூடுறோம். 25-வது நிமிடம் 50 மி.லி., 36-வது நிமிடம் மொத்தம் 100 மி.லி. சேருது. வர்க்கமூலங்கள் 4, 5, 6. ஒவ்வொரு படிக்கும் 50 மி.லி. கோட்டைப் பின்னோக்கி சுழியம் வரை நீட்டினா, இழந்தது 4 × 50 = 200 மி.லி. அதாவது அளந்ததைவிட இரண்டு மடங்கு, நம்ம கண்ணுக்கே படல!

இதை விட்டுட்டா என்ன ஆகும்? இந்தியாவில் நிலக்கரிப் படுகைகளை, வெளிவரும் வாயுவை வெச்சு மூணு தரமா பிரிக்கிறாங்க. ஒரு டன் உற்பத்திக்கு 10 கனமீட்டருக்கு மேல போனா மூன்றாம் தரம். புதுப் படுகையில வாயுவைக் குறைச்சு மதிப்பிட்டா, காற்றோட்டத் திட்டமும் குறைவாத்தான் அமையும். விலை கொடுக்கிறது கீழே வேலை செய்யறவங்க.

மாதிரிக்கும் எல்லை உண்டு. நேரம் போகப் போக நேர்கோடு வளையும். நிஜக் கரியில பெருந்துளை, நுண்துளை ரெண்டும் இருக்கு. அதனால ரக்கன்ஸ்டைன், வைத்தியநாதன், யங்குவிஸ்ட் மூவரும் 1971-ல தந்த இருதுளை மாதிரியைப் பின்னாளில் நிலக்கரிக்கும் பயன்படுத்தினாங்க.

அடுத்த தடவை ஒரு கோட்டைப் பின்னோக்கி நீட்டும்போது, அது எந்த அனுமானத்துல நிக்குதுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.