கைநழுவிய பங்குகளும் பிட்காயினும்

"அன்றைக்கே வாங்கிப் போட்டிருந்தால்!" என்ற பெருமூச்சு கல்கத்தாத் தமிழருக்குப் புதிதல்ல. பிட்காயினை நினைத்து இன்றைய இளைஞர்கள் விடும் இதே பெருமூச்சை, டல்ஹௌசி சதுக்கத்து ஆபீசுகளில் வேலை பார்த்த பெரியவர்கள் 1970-களின் கம்பெனிப் பங்குகளை நினைத்து விட்டதுண்டு.

வெள்ளைக்காரக் கம்பெனிப் பங்குகள்

1973-ல் நிறைவேறிய அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் 1974 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதன்படி அன்னியக் கம்பெனிகள் பலவும் வெளிநாட்டார் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டியதாயிற்று. இதனால் பங்குகள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. விலையை நிர்ணயித்தவர் மத்திய அரசின் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டு அதிகாரி. மார்க்கெட் நிலவரத்தைவிடக் குறைவாகவே விலை வைப்பது வழக்கம்.

சௌரங்கியில் ஐ.டி.சி.; 1973-ல் பொதுக் கம்பெனியான பாட்டா. இவையெல்லாம் தமிழ்க் குமாஸ்தாக்கள் நன்கு அறிந்த பெயர்கள். பங்குச் சந்தையோ சதுக்கத்துக்கு அருகே, லயன்ஸ் ரேஞ்சில். வேப்ப மரத்தடியில் கூடிய தரகர்கள் 1908-ல் அமைத்த சந்தை அது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நடந்தே போய் வரலாம்.

ஆனாலும் பலர் போகவில்லை. ஊருக்கு மணியார்டர், வீட்டு வாடகை போக மிஞ்சியது தபாலாபீசுக்கும் எல்.ஐ.சி.க்கும் சரியாக இருந்தது. பங்கு என்றாலே சூதாட்டம் என்ற பயம் வேறு.

மறந்துபோகும் மறுபக்கம்

ஜெயித்த கம்பெனிகள்தான் நினைவில் நிற்கின்றன. சாகாகஞ்சில் டயர் செய்த டன்லப்பும் அந்நாளில் பெரும் பெயர்தான். பின்னர் ஆலை மூடப்பட்டு, கம்பெனியைக் கலைக்க ஐகோர்ட் உத்தரவிட்டது.

1975-ல் கல்கத்தாவில் தொடங்கிய சஞ்சயிதா நிறுவனம் 48 சதவீதம் வரை வட்டி தந்தது. 1980 டிசம்பரில் சோதனை நடந்தது. பணம் போட்டவர்கள் தவித்தனர். 2013-ல் சாரதா நிறுவனம் கவிழ்ந்தபோது அதே கதை. லயன்ஸ் ரேஞ்ச் சந்தையே 2001-ல் பட்டுவாடா நெருக்கடியில் சிக்கியது. 2013-ல் அங்கு வர்த்தகம் நின்றது.

பத்தாயிரம் காசுக்கு இரண்டு பீட்சா

பிட்காயின் பிறந்தது 2009 ஜனவரியில். 2010 மே 22 அன்று அமெரிக்காவில் ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். அன்று அதன் மதிப்பு சுமார் 40 டாலர். 2024 டிசம்பரில் ஒரு பிட்காயினே லட்சம் டாலரைத் தாண்டியது.

ஆனால் முதலில் வாங்கிய எல்லோரும் கோடீஸ்வரராகவில்லை. ரகசியச் சாவியைத் தொலைத்தவர்கள் உண்டு. டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் சந்தை 2014-ல் திவாலானது. இந்தியாவின் வசீர்எக்ஸ் சந்தையிலிருந்து 2024 ஜூலையில் சுமார் 23 கோடி டாலர் களவு போயிற்று. நம் நாட்டில் 2022 ஏப்ரல் முதல் இதில் வரும் லாபத்துக்கு 30 சதவீதம் வரி. நஷ்டம் வந்தால் வேறு வருமானத்தில் கழிக்கவும் முடியாது.

தபாலாபீசில் போட்டவர்கள் கோடி சேர்க்கவில்லைதான். ஆனால் பெண்ணின் கல்யாணத் தேதியில் பணம் கைக்கு வந்தது. விட்டதைப் பிடிக்கப் புறப்படுவோர், பிராவிடண்ட் பண்டையும் மனைவியின் நகையையும் தொடாதிருப்பது நல்லது. போனால் குடும்பம் தாங்கும் என்ற அளவுக்கு மட்டுமே போடலாம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் பெரியவர்கள்.